பவுடர் பனியில் சறுக்கப் போறீங்களா? பாக்கெட்டில் தீனியும் பக்கத்தில் நண்பனும் இருக்கட்டும்!

“டாக்டர், என் பையன் ஆபீஸ் நண்பர்கள் மூணு பேரோட காஷ்மீர் போறானாம். குல்மார்க்ல பனிச்சறுக்காம். ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா எடுத்து வெச்சிருக்கேன். வேற என்ன குடுத்தனுப்பட்டும்?”

பிரஷர் பார்த்துக்கொள்ள வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. பனி என்றதும் நம் வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது ஸ்வெட்டர்தான். அது தப்பில்லை. ஆனால் பனிமலையில் உடம்பைக் காப்பாற்றுவது கம்பளி மட்டும் அல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு நண்பனும் இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கோட்டு போட்டிருந்தாலும் ஆபத்துதான். ஏன் என்று பார்ப்போம்.

பவுடர் பனி என்றால் என்ன?

புதிதாகக் கொட்டி, இன்னும் யார் காலும் படாமல், ஈரப்பசை இல்லாமல் மாவு போல உதிரும் பனிக்குத்தான் ‘பவுடர்’ என்று பெயர். கையில் அள்ளி ஊதினால் பறக்கும். மெஷின் ஓட்டி அழுத்திய சறுக்குப் பாதையில் போவது தார் ரோட்டில் சைக்கிள் விடுவது மாதிரி. பவுடரில் போவதோ மெரினா மணலில் சைக்கிள் விடுகிற மாதிரி! முழங்கால் வரை புதையும். விழுந்தால் அடி குறைவு. ஆனால் எழுந்திருப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஊன்றும் கோலும் உள்ளே இறங்கிவிடும்.

ஆகவே, முதன்முதலாகச் சறுக்கப் போகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. குல்மார்க்கிலேயே அடிவாரத்தில் சின்னச் சரிவுகள் இருக்கின்றன. பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். நிற்க, திரும்ப, விழ, எழ அங்கே கற்றுக்கொண்ட பிறகுதான் மேலே.

இரண்டு மாதம் முன்பே தோப்புக்கரணம்!

சறுக்கும்போது முழு எடையையும் தாங்குவது தொடைத் தசை. முழங்காலை மடக்கியபடியே மணிக்கணக்கில் இருக்க வேண்டும். தொடை களைத்துப்போனால் முழங்கால் திருகிக்கொள்ளும். சறுக்குபவர்களுக்கு அதிகம் அடிபடும் இடமும் அதுதான்.

இதற்கு ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பிள்ளையார் கோயில் தோப்புக்கரணம் போதும். புறப்படுவதற்கு எட்டு வாரம் முன்பே தினம் 15-ல் ஆரம்பித்து மெதுவாக 50 வரை கொண்டு போகலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அரை நிமிடம் இருந்து பாருங்கள். மாடிப்படி ஏறுவதைவிட, நிதானமாக இறங்குவது இங்கே நல்ல பயிற்சி. முட்டிவலி ஏற்கெனவே இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யவும்.

அவசரப்பட்டு மேலே போகாதீர்கள்

ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 50 கிலோமீட்டர் போனால் குல்மார்க், சுமார் 2,650 மீட்டர். அங்கே ‘கொண்டோலா’ என்கிற ரோப் கார் இருக்கிறது. முதல் கட்டம் 1998-லும், இரண்டாம் கட்டம் 2005-லும் ஓட ஆரம்பித்தன. இரண்டிலும் மாறி ஏறினால் அஃபர்வாத் மலையில் சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். நாம் நடக்கவே இல்லை; ஆனால் உடம்பு கிட்டத்தட்ட 1,300 மீட்டர் ஏறிவிட்டது! அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, சென்னையில் கிடைப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பசியின்மை... இவை மலை நோயின் அறிகுறிகள். “மாத்திரை போட்டுக்கிட்டு இன்னொரு ரவுண்டு போலாம்டா” என்பது பெரிய தப்பு. இதற்கு முதல் மருந்து, கீழே இறங்குவதுதான். ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி, குல்மார்க்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மூன்றாம் நாள் உச்சிக்குப் போங்கள். மலை நோய்க்கு முன்கூட்டியே போடும் மாத்திரை உண்டு. ஆனால் சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வழியெல்லாம் சாப்பாடு

நல்ல சேதி இது. அந்த ஊர்ச் சாப்பாடே குளிருக்காக உண்டானது. எதை எப்போது சாப்பிடுவது என்பதில்தான் சூட்சுமம்.

ஸ்ரீநகரில் விடிகாலையிலேயே ‘காந்தூர்’ என்கிற ரொட்டிக் கடைகளில் தந்தூர் அடுப்பு எரியும். சுடச்சுட ‘கிர்தா’ ரொட்டி. கூடவே ‘நூன் சாய்’. ரோஸ் நிறத்தில் இருக்கும், சர்க்கரைக்குப் பதில் உப்பு! டீயில் உப்பா என்று முகம் சுளிக்காதீர்கள்; இரண்டாவது நாள் பழகிவிடும். பிரஷர் உள்ளவர்கள் மட்டும் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளவும். அவர்களுக்குக் ‘கஹ்வா’ இருக்கிறது. பச்சைத் தேயிலையில் குங்குமப்பூ, ஏலம், பட்டை, பாதாம் போட்டது.

குளிர்காலக் காலை என்றால் அசைவக்காரர்கள் ‘ஹரிசா’ தேடிப் போவார்கள். ஆட்டிறைச்சியை ராத்திரி முழுக்க வேகவைத்து, மசித்து, மேலே சூடான எண்ணெய் விட்டுத் தருவது. ருசி பிரமாதம், கொழுப்பும் பிரமாதம்! ஊர் சுற்றும் நாளில் சாப்பிடுங்கள். மலை ஏறும் நாளில் வேண்டாம். நெஞ்சைக் கரித்துக்கொண்டு 3,950 மீட்டரில் நின்றால், அது அஜீரணமா மாரடைப்பா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

சைவக்காரர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். காஷ்மீரிகள் தினமும் சாப்பிடுவது நம்மைப் போலச் சோறுதான். தொட்டுக்கொள்ள ‘ஹாக்’ கீரை, தாமரைத் தண்டில் செய்யும் ‘நத்ரு யக்னி’, ராஜ்மா, ‘த்ஸாமன்’ என்கிற பனீர். சறுக்கப் போகும் நாளுக்குச் சோறும் ராஜ்மாவும் அருமையான ஜோடி. சோறு உடனடிச் சக்தி தரும். ராஜ்மா மெதுவாக எரியும் விறகு.

‘வாஸ்வான்’ விருந்தைக் கடைசி நாள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிஸ்தா, ரோகன் ஜோஷ், தபக் மாஸ் என்று வரிசையாக வந்து ‘குஷ்தாபா’வில் முடியும். இதில் ஒரு விசேஷம். ‘த்ராமி’ என்கிற பெரிய செம்புத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். தனியாளாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அல்ல அது.

பாக்கெட்டில் கடலை மிட்டாய்

70 கிலோ எடையுள்ளவர் நடுத்தர வேகத்தில் சறுக்கினாலே மணிக்குச் சுமார் 350 கலோரி எரியும். பவுடரில் இன்னும் கூடும். இதுபோகக் குளிரில் உடம்புச் சூட்டைக் காக்கவும் எரிபொருள் வேண்டும். ஆனால் உயரத்தில் பசியே தெரியாது, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். சக்தி தீர்ந்ததும் முதலில் கை விரல் விறைக்கும், அப்புறம் கால் தடுமாறும், அதற்கப்புறம் புத்தி தடுமாறும். “இந்தப் பக்கம் இறங்கிடலாம், ஒண்ணும் ஆகாது” என்கிற தப்பான முடிவுகள் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் களைத்த மூளையில்தான் பிறக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போட வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி, உலர்ந்த திராட்சை எல்லாம் தோது. பொருள்விளங்கா உருண்டை மட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலிலேயே பல்லைப் பதம் பார்க்கும். அங்கே கேட்கவே வேண்டாம்! எதையும் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் அப்படியே. வியர்வை தெரியாது. ஆனால் மூச்சு வழியாக நிறைய நீர் போகும். குளிரில் சிறுநீரும் அதிகம் பிரியும். பிளாஸ்கில் வெந்நீர் அவசியம். சிறுநீர் அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று பிராந்தி சாப்பிடுவது சுத்த அபத்தம். அது தோல் ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே விட்டுவிடும். சூடான உணர்வு வருமே தவிர, சூடு வராது.

பக்கத்தில் நண்பன்: பத்து நிமிடக் கணக்கு

இப்போது முக்கியமான விஷயம். செங்குத்துச் சரிவில் புதுப் பனி கனமாகக் கொட்டிய அடுத்த ஓரிரு நாட்கள்தான் பவுடர் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். பனிச்சரிவு அபாயம் அதிகமாக இருப்பதும் அதே நாட்களில்தான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத்தில் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் ஒரு ரஷ்யர் இறந்தார்.

பனியில் புதைந்தவர்களில் பெரும்பாலோர் இறப்பது குளிரால் அல்ல, மூச்சு முட்டி. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் பிழைப்பவர் பத்தில் மூன்று பேர்தான். யோசித்துப் பாருங்கள்: பத்து நிமிடத்தில் எந்த மீட்புப் படை மலை ஏறி வர முடியும்? அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றக் கூடியவர், கூட வந்த நண்பர் மட்டுமே.

அதனால் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான்கள் இருக்க வேண்டும். இருக்கும் இடத்தை ரேடியோ அலை மூலம் காட்டிக் கொடுக்கும் டிரான்ஸ்ரிசீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி போன்ற சின்ன ஷவல். வாடகைக்கு எடுத்தால் மட்டும் போதாது. முதல் நாள் ஒருவர் கருவியைப் பனியில் ஒளித்துவைத்து, மற்றவர்கள் தேடிப் பழக வேண்டும். இன்னும் சில விதிகள்:

* சந்தேகமான சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

* காவல் குழு அபாயம் பார்த்துத் திறந்துவிட்ட எல்லைக்குள் மட்டும் சறுக்குங்கள். எல்லைக்கு வெளியே போவதென்றால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கூடாது.

* மரங்களுக்கு நடுவே உஷார். கிளைகளுக்கு அடியில், அடிமரத்தைச் சுற்றி பனி இறுகாமல் குழி மாதிரி இருக்கும். தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வருவது மிகவும் கடினம். அங்கே இருவர் இருவராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி போங்கள்.

* புதைந்தவரை எடுத்ததும் முதலில் முகம், வாய், மூக்கு. பனியை அகற்றுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும். இதை ஊரிலேயே கற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

விரல், கண், தங்கும் அறை

விரல் நுனி, மூக்கு, காது வெளுத்து மரத்துப்போனால் அது பனிக்கடியின் ஆரம்பம். தனக்குத் தெரியாது; பார்த்துச் சொல்லவும் நண்பன் வேண்டும். பனியால் தேய்க்காதீர்கள். நெருப்பில் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். அறைக்கு வந்ததும் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் முக்கி வையுங்கள். குழந்தைக்கு விளாவும் வெந்நீர்ச் சூடுதான் அது. மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் பாதி வழியில் சூடேற்ற வேண்டாம்.

புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். மேகம் மூடியிருந்தாலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கழற்றினால், ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

ராத்திரி அறையில் புகாரி அடுப்போ, காங்கிரி என்கிற கரிச் சட்டியோ இருந்தால் கதவு ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள். நெருப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. காலையில் அறையில் எல்லோருக்குமே தலைவலி என்றால் மலை நோய் என்று சும்மா இருக்காமல், உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யார் யோசிக்க வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத பிரஷர், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்சுலினை உள்சட்டையோடு வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் உதவாது. குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவியும் தப்பாகக் காட்டலாம். கூட வரும் நண்பருக்கு உங்கள் வியாதி தெரிந்திருக்கட்டும்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ஸ்வெட்டர் வேண்டாமா டாக்டர்?” என்றார். “தாராளமா குடுங்க. கூடவே நாலு பேருக்கும் கடலை மிட்டாய் கட்டிக் குடுங்க. மேலே போனா ஒருத்தனை விட்டு ஒருத்தன் போகக் கூடாதுன்னு நாலு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கங்க” என்றேன்.

பையன் திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கறுத்திருந்ததாம். நாலு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட போட்டோவைக் காட்டினானாம். அந்தத் தட்டைச் சுற்றி நாலு பேரும் முழுசாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் தனக்கு நிம்மதி வந்தது என்றார் அந்த அம்மா.