தோட்டமும் பருவமும்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர்களுள் வன்னியம்பட்டியும் ஒன்று. மேற்குத்தொடர்ச்சி மலை இவ்வட்டாரத்தின் மேற்கே மதில்போல் நிமிர்ந்து நிற்கின்றது. இங்குத் தோட்டத்தொழில் பழம்பெருமை உடையது. பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூமாலைத் தொண்டு புரிந்தார் என்றும், அந்நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்றும் வைணவ மரபு கூறும். மாந்தோப்புகளாலும் இவ்வட்டாரம் பெயர்பெற்றது. சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாங்கனிகள் இராசபாளையத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படுவன.

மண்ணைக் கொத்துவதும் நீர் பாய்ச்சுவதுமே தோட்டக்காரரின் தொழில் என்று பலர் எண்ணுவர். அவை தொழிலின் ஒரு பாதியே. செய்யத்தக்க காலத்தில் செய்வதும், செய்யத்தகாத காலத்தில் கையை அடக்குவதும் சேர்ந்ததே அத்தொழில். நம் முன்னோர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இப்பொழுதுகள் ஒவ்வொன்றிலும் மாந்தோப்புக் காக்கும் தோட்டக்காரர் ஆற்றும் பணிகளை ஈண்டுக் காண்போம்.

ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். கனிகளைத் தந்து களைத்த மரத்துக்கு இது தேறும் காலம். தோட்டக்காரர் உலர்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் அறுத்து நீக்குவார். வெயிலும் காற்றும் மரத்தின் உள்ளே புகுதல் வேண்டும் அன்றோ! பின்னர் எருவிடுவார். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கும் எருவால் மிகுந்த பயன் இல்லை. உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தொலைவில் பரந்திருப்பதால், கிளைகளின் நிழல் விழும் எல்லைவரை எருவைப் பரப்பி மண்ணோடு கலப்பார்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை பொழியும் நாள்கள் இவை. முன்னரே தோண்டிவைத்த குழிகளில் ஒட்டுக்கன்றுகளை நடுவார். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே தோன்றும் தளிர் அடிக்கன்றினது. அதனைக் கிள்ளாவிடின் விரும்பிய வகை நலியும். கன்று மூன்றாண்டு வளரும்வரை அதில் தோன்றும் பூங்கொத்தையும் கிள்ளி எறிவார். பூவைக் கண்டு மகிழ வேண்டியவரே அதனைக் கிள்ளுவது காண்பார்க்குக் கொடுமையாகத் தோன்றலாம். இளங்கன்று காய்க்கத் தொடங்கின், தன் வளர்ச்சியை இழக்கும் என்பதை அவர் அறிவார்.

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். ஆண்டு முழுவதிலும் தோட்டக்காரர்க்குக் கடினமான காலம் இதுவே. மழை நின்றுவிடும், கிணற்றிலோ நீர் நிறைந்திருக்கும். வாய்க்காலைத் திறந்துவிடக் கை துடிக்கும். தோப்புக்கு உடையவரும், “நீர் இருக்கும்போது மரத்தை ஏன் வாடவிடுகின்றீர்?” என்று கேட்பதுண்டு. ஆயினும், தோட்டக்காரர் மடையைத் திறவார். மா பூப்பதற்கு முன் சில வாரங்கள் வறட்சியில் நிற்றல் வேண்டும். அப்போது நீர் பாய்ச்சினால் மரம் பூவை விடுத்துத் தளிரைத் தள்ளும். தோப்பு பசுமையாகவே காட்சி அளிக்கும். கோடையிலோ கூடை வெறுமையாகும். இரக்கத்தால் விட்ட நீரே ஓராண்டின் பயனைக் கெடுத்துவிடும்.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தையில் அரும்பத் தொடங்கிய பூங்கொத்துகள் இப்போது தோப்பெங்கும் மணம் பரப்பும். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருத்தல் கூடும்; அவற்றுள் முதிர்ந்து கனியாவன மிகச் சிலவே. தத்துப்பூச்சி பூவின் சாற்றை உறிஞ்சும். சாம்பல் நோய் பூவைக் கருக்கும். தோட்டக்காரர் நாள்தோறும் கொத்துகளைத் திருப்பிப் பார்ப்பார். எனினும், பூ நன்கு விரிந்த நாள்களில் மருந்து தெளிக்கத் தயங்குவார்; மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் அம்மருந்தால் மடியும் அன்றோ! பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின்னரே அவர் மடையைத் திறந்து நீர் விடுவார்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். காய்ச்சுமை தாங்காது வளையும் கிளைகளுக்குக் கவைக்கோல் முட்டுக் கொடுப்பார். பழ ஈ பெருகாதிருக்க, உதிர்ந்த கனிகளை அவ்வப்போது பொறுக்கி அழிப்பார். கோடைப் புயற்காற்று ஓர் இரவில் பாதிக் காயை உதிர்த்துவிடுவதும் உண்டு. மலையடிவாரத் தோப்புகளில் யானைகளும் வந்து புகும். எஞ்சிய காய்களைக் காம்பு சிறிது விட்டுப் பறிப்பார். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் கறுத்துப்போகும்.

ஆனியும் ஆடியும் முதுவேனில். அறுவடை முடிவுறும். ஆடிப்பூரத் தேரோட்டம் காணத் திருவில்லிபுத்தூரில் மக்கள் திரளுவர். தோட்டக்காரர், அடுத்த கூதிரில் நடவிருக்கும் கன்றுகளுக்கு மூன்றடி நீளமும் மூன்றடி அகலமும் மூன்றடி ஆழமுமாகக் குழிகள் தோண்டி வெயிலில் ஆறவிடுவார். அக்கன்றுகள் நிறைந்த பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அப்பயனைத் தாம் காண்போமோ என்று எண்ணி அவர் மண்வெட்டியைக் கீழே வைப்பதில்லை.

பருவங்கள் எப்போதும் முறை தவறாமல் வருவனவல்ல. தை மாதத்தில் மழை பெய்து பூ உதிரும் ஆண்டும் உண்டு. அவ்வாண்டில் தோட்டக்காரரால் அதனைத் தடுக்க இயலாது. ஆதலின், அவர் மாதத்தின் பெயரை மட்டும் நம்பாமல், மண்ணின் ஈரத்தையும் தளிரின் நிறத்தையும் நோக்கியே தம் பணியைத் தொடங்குவார். காலம் அறிந்து செய்தலும், காலம் அன்று எனின் பொறுத்தலும் தோட்டத்துக்கு மட்டுமன்று, கற்பார்க்கும் வேண்டிய பண்புகளாம்.

பயிற்சி

1. முன்பனிக்காலத்தில் மாமரத்துக்கு நீர் விடாமைக்குக் காரணம் யாது?
2. இளங்கன்றின் பூங்கொத்தைத் தோட்டக்காரர் ஏன் கிள்ளுகின்றார்?
3. உங்கள் ஊரில் விளையும் மரம் ஒன்றுக்கு ஆறு பருவங்களிலும் செய்யும் பணிகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.