பழைய ஜீப்புக்கு எந்த ஒயில்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் பழைய பஜெரோ, லேண்ட் குரூஸர், லேண்ட் ரோவர் வைத்திருந்தவர்கள் அவற்றைக் கைவிடாமல் ஓட்டினார்கள். இன்று மஹய்யாவையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பல வியாபாரிகளுக்கு அந்த ஜீப்தான் முதல். எஞ்ஜின் போனால் முதலும் போகும். ஆனால் ஒயில் வாங்க வருபவர்களில் அதிகமானோர் "நல்லதாக ஒன்று தாருங்கள்" என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். கேனின் முன்பக்கத்துப் பெயரை விடப் பின்பக்கத்து எழுத்தே முக்கியம். அதை வாசிக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, தடிப்பு. 15டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிரைக் குறிக்கும். 15டபிள்யூ ஒயிலை ஸ்டார்ட் செய்யும் சோதனைக்குப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் வைக்கிறார்கள். நுவரெலியாவில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. எனவே நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது இலக்கம். அது 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

பழைய டீசல் ஜீப்புகளுக்கு நமது சுவாத்தியத்தில் பொதுவாக 15டபிள்யூ-40 பொருந்தும். வாகனத்தின் கைநூல் இருந்தால் அது சொல்வதே முடிவு. எஞ்ஜின் தேய்ந்து, சூடானதும் ஒயில் பிரஷர் இறங்கினால் 20டபிள்யூ-50 போடலாம். ஆனால் அது வைத்தியமல்ல, தவணை மட்டுமே. நீலப்புகை தள்ளும் எஞ்ஜினை ஒயிலால் சுகப்படுத்த முடியாது. நல்ல எஞ்ஜினுக்குத் தேவையில்லாமல் தடித்த ஒயில் போட்டால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது டர்போவுக்கும் மேற்பாகங்களுக்கும் போய்ச் சேரத் தாமதமாகும்.

இரண்டாவது, தரம். 'ஏ.பி.ஐ.' என்பதற்குப் பின்னால் 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. 'எஸ்' என்றால் பெற்றோலுக்கு. 'எஸ்' மட்டும் உள்ள ஒயிலை டீசல் ஜீப்புக்குப் போட வேண்டாம். 2002இல் வந்த சிஐ-4 தரம் பழைய ஜீப்புக்குத் தாராளமாகப் போதும். 2016இல் வந்த சிகே-4, புகைவடிகட்டி பூட்டிய புதிய எஞ்ஜின்களையும் மனதில் வைத்து, சாம்பல் குறைத்துச் செய்யப்பட்டது. உங்கள் ஜீப்பில் அந்த வடிகட்டி இல்லை. ஆகவே அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சுப்பர் டீசலை விட ஒட்டோ டீசலில் கந்தகம் அதிகம். அது எரிந்து அமிலமாகி ஒயிலில் சேரும். ஒயிலிலுள்ள காரம் அதை அடக்கும். காரம் தீர்ந்தால் பெயாரிங் அரிபடும். இதனால்தான் மலைப்பாதையில் பாரத்தோடு ஓடும் ஜீப்புக்கு 5,000 கிலோமீற்றரில் ஒயிலும் பில்டரும் மாற்றும்படி நான் சொல்வது. விலை கூடிய ஒயிலை இரட்டிப்புத் தூரம் ஓட்டுவதை விட, நடுத்தர ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது இலாபம். போட்டவுடன் ஒயில் கறுக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது கரியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் வேலையே அதுதான்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போர் வீல் வாகனத்தில் கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ், முன் பின் டிபரன்ஷியல் என்பவற்றுக்கும் தனித்தனி ஒயில் உண்டு. ஆற்றைக் கடந்து வந்தால் டிபரன்ஷியல் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் நிறமானால் தண்ணீர் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது மூடியின் சீலைப் பாருங்கள், பில் கேளுங்கள். வெறும் கேனை வெட்டிவிட்டு எறியுங்கள். போலிக்காரர் மீண்டும் நிரப்பாதிருக்க அதுவே வழி. கழிவு ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். அது கடைசியில் மகாவலிக்கே போய்ச் சேரும். மாற்றிய திகதியையும் மீற்றரையும் ஒரு துண்டில் எழுதி பொனட்டுக்குள் ஒட்டி வையுங்கள். கடைக்குக் கணக்குப் புத்தகம் எப்படியோ, ஜீப்புக்கு அந்தத் துண்டு அப்படி.