மானியப் பணம் எந்த பேங்க்குக்குப் போகிறது?

"மானியம் நின்னு போச்சுப்பா" என்று காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர் பாஸ்புக்கை நீட்டினார். நிற்கவில்லை. எண்ணூரில் கொஞ்ச நாள் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது திறந்த சம்பளக் கணக்கில் அது விழுந்துகொண்டிருந்தது.

சுவீடனில் வங்கிகள் சேர்ந்து 2003-இல் கொண்டுவந்த 'பேங்க்ஐடி' என்ற மின்னணு அடையாள முறையில் அடையாளம் தருவதே வங்கிதான். நம்மூரில் ஆதார் அரசுடையது. அதைப் பணத்தோடு முடிச்சுப் போடுவது, வங்கிகள் பங்குதாரர்களாக உள்ள என்பிசிஐ என்ற பணப் பரிவர்த்தனை நிறுவனம். அதன் பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான் இருக்கும். கணக்கு எண்கூட இருக்காது. கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்குச் சம்மதம் கொடுத்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். கணக்குத் திறக்கும் படிவத்தில் அந்தக் கட்டத்தை யார் படிக்கிறார்கள்?

முதலில், மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே போய், 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயர் வரும். ஓடிபி வரவில்லையா? ஆதார் மையத்தில் போன் நம்பரைச் சேர்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வங்கியை மாற்ற, பணம் வர வேண்டிய கிளைக்கே போங்கள். பழைய வங்கிக்கு அலைய வேண்டாம். கவுன்டரில் "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால், "ஏற்கெனவே லிங்க் ஆயிருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணக்கில் ஆதாரைச் சேர்ப்பது வேறு, மானியம் விழும் வங்கியை மாற்றுவது வேறு. "டிபிடிக்கு (நேரடி மானியத்துக்கு) என்பிசிஐ மேப்பிங் மாத்தணும்" என்று கேளுங்கள். படிவத்தில் பழைய வங்கியின் பெயரை எழுதுங்கள். அதே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் எதில் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள்.

பணம் வந்த பிறகு, மளிகைக் கடை மிஷினில் ஆதார் கைரேகை வைத்து அதை எடுக்கும் இடம்தான் ஆபத்தானது. ஒரு தடவைக்கு உச்சம் 10,000 ரூபாய். ஐஸிலும் உப்புத் தண்ணியிலும் ஊறிய கைக்கு ரேகை சீக்கிரம் சிக்காது. அக்கா முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்தார். கையை நன்றாகக் காயவிட்டு வேறு விரலை வையுங்கள். "ஃபெயிலாயிடுச்சு, இன்னொரு தடவை வைங்க" என்றால் கடைக்காரர் வாயை நம்பாதீர்கள். திரையைப் பாருங்கள், எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். எடுக்காத பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள்.

மற்ற நாளில் எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-ஐக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும்: பூட்டிய ரேகையை ரேஷன் கடை மிஷினும் ஏற்காது. தற்காலிகத் திறப்பு சில நிமிடம்தான் நிற்கும். வீட்டிலேயே திறந்துகொண்டு கிளம்பாமல், வரிசையில் உங்கள் முறை வரும்போது திறங்கள்.