விரிசல் தெரியும், வளைவு தெரியாது

துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டால் முதல் திட்டு சிப்பாய்க்குத்தான் விழும்: சுத்தம் செய்யவில்லை, எண்ணெய் போடவில்லை. அடுத்த திட்டு துப்பாக்கியைச் செய்த தொழிற்சாலைக்கு. தோட்டாப் பெட்டியான மேகசினை யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் பேச்சு உடனே ‘தகரமா, பிளாஸ்டிக்கா’ என்று திரும்பிவிடும். கோத்தில், அதாவது படையின் ஆயுதக் கிடங்கில், மேகசின்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு நல்ல பாலிமர் மேகசினே மேல். பாலிமர் உடையவே உடையாது என்று நான் வாதாட வரவில்லை. கெட்டுப்போனால் அது மறைக்காது, காட்டிக்கொடுத்துவிடும். என் காரணம் அதுதான். நம் கோத்துகளில் நடக்கும் தவறுகளிலேயே விலை அதிகமானது, கெட்ட மேகசினைத் துடைத்து நல்லவற்றோடு மறுபடி அடுக்குவது. அந்தத் தவறுக்கு மெல்லிய உலோகம் துணைபோகிறது.

மேகசினின் உயிர் அதன் மேல்வாயில் உள்ள இரண்டு உதடுகளில் இருக்கிறது. ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு வரும் தோட்டாவைச் சரியான உயரத்திலும் கோணத்திலும் பிடித்து நிறுத்துபவை அவைதான். போல்ட் முன்னே வரும் நேரத்தில் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் எந்த நாட்டுத் துப்பாக்கியும் திணறும். மெல்லிய அலுமினிய மேகசின் கல்லில் விழுந்தால் உதடு சிறிது விரியும். விரிந்தது தானாகத் திரும்பாது. பார்க்கிற கண்ணுக்கும் பிடிபடாது. எம்16 துப்பாக்கி மேகசினின் கதையே இதற்குச் சான்று. எடை குறையட்டும் என்று செய்த அந்த அலுமினியப் பெட்டியை அமெரிக்க ராணுவம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிரப்பியது. தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோயர் உள்ளே சாய்ந்து தொல்லை கொடுத்ததால் அதன் வடிவத்தை மாற்றினார்கள். கறுப்பாக இருந்த ஃபாலோயர் பச்சையாகி, 2009-இல் பழுப்பாயிற்று. பிறகு எம்855ஏ1 தோட்டா வந்தது. அதன் எஃகு முனை துப்பாக்கியின் அலுமினியப் பாகத்தைச் சுரண்டியதால், தோட்டா நிற்கும் கோணத்தை மாற்றி இன்னொரு மேகசின் செய்தார்கள். இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் உடம்பு அதே அலுமினியம்தான்.

‘அலுமினியம் வேண்டாம், எஃகு இருக்கிறதே’ என்பார்கள். ஏகே-47 எஃகு மேகசினின் உறுதியை மறுக்க மாட்டேன். அதைக் கெடுப்பதற்குத் தனி முயற்சி வேண்டும். ஆனால் அதைச் செய்த சோவியத்காரர்களே அதோடு நிற்கவில்லை. முதலில் வந்த 30 தோட்டா மேகசினின் காலி எடை 0.43 கிலோ. வரிகள் அழுத்திய மெல்லிய தகட்டில் செய்து அதை 0.33-க்குக் கொண்டுவந்தார்கள். அலுமினியத்திலும் செய்து பார்த்தார்கள். எளிதில் அடிபட்டதால் சீக்கிரமே கைவிட்டார்கள். கடைசியில் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் 0.25 கிலோவில் வந்து நின்றார்கள்; 1974-இன் ஏகே-74 பிளாஸ்டிக் மேகசினோடுதான் வந்தது. கனம் தாங்கும் இடங்களில் மட்டும் எஃகு வைத்தார்கள். எட்டு மேகசின் சுமப்பவனுக்கு இந்தக் கடைசி வித்தியாசம் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல். பிரிட்டனும் எஸ்ஏ80 துப்பாக்கியைத் திருத்தியபோது எஃகு மேகசின் கொடுத்துவிட்டு, பின்னால் பாலிமருக்கு வந்தது. எஃகை நன்றாக அறிந்தவர்களே அதை விட்டு நகர்ந்தார்கள் என்பதை, ‘இரும்பு இரும்புதான்’ என்று பேசுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து எல்லோரும் கார்கில் போரைத்தான் இழுப்பார்கள். 1999-இல் அந்தக் குளிரில் நம் படையின் இன்சாஸ் துப்பாக்கியின் 20 தோட்டா பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டு உடைந்ததாகச் செய்திகள் வந்தன. அதைக் காட்டி எல்லாப் பாலிமரையும் தள்ளுவது, ஒரு தரமற்ற தகட்டைக் காட்டி எல்லா எஃகையும் தள்ளுவதற்குச் சமம். 2007-இல் மேக்புல் நிறுவனம் கொண்டுவந்த பிமேக் மேகசினும் பாலிமர்தான். அதன் மூன்றாம் தலைமுறையை அமெரிக்க மரைன் படை 2016-இல் அனுமதித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இன்சாஸ் மேகசினின் குறை ஊருக்கே தெரிந்ததற்குக் காரணம், விரிசலை யாரும் மறைக்க முடியாது என்பது. வளைந்த உதடு செய்தியாவதில்லை. அது சிப்பாயின் கணக்கில் ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதப்படும்.

நியாயமான குறைகளும் உண்டு. தோட்டா நிரப்பியபடியே நெடுநாள் வைத்தால் பாலிமர் உதடுகள் அழுத்தத்தில் மெல்ல இளகி விரியக்கூடும். இங்கே பாலிமரும் அலுமினியம் போலவே சத்தமில்லாமல் ஏமாற்றும். பிமேக்கோடு வரும் மூடி தூசுக்கு மட்டுமல்ல, அந்தப் பாரத்தை உதட்டிலிருந்து எடுப்பதற்கும்தான். மூடியைத் தொலைத்துவிட்டு மேகசினைத் திட்டாதீர்கள். பாலிமரின் சுவர் தடிமன் அதிகம் என்பதால் எல்லாத் துப்பாக்கியிலும் எல்லா மேகசினும் இறங்காது. எஸ்ஏ80, எச்கே416 துப்பாக்கிகளுக்கென்று மேக்புல்லே முன்பு தனி வகை செய்ய வேண்டியிருந்தது. புதுச் சரக்கு வந்தால் உங்கள் துப்பாக்கியில் போட்டு, பூட்டை விடுவித்ததும் தானாக வழுக்கி விழுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

மற்ற வேலைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: உள்ளே எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டும், ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றுங்கள். எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு மேகசினுக்கும் அழியாத எண் போடுங்கள். துப்பாக்கி நடுவில் நின்றால் துப்பாக்கி எண்ணோடு மேகசின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். வேறு துப்பாக்கியிலும் அதே எண் தகராறு செய்தால் அது எந்தப் பொருளில் செய்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கே ஒதுக்கி, முறைப்படி கழித்து, யாரும் மறுபடி எடுக்க முடியாதபடி நசுக்கச் செய்யுங்கள். இருப்புக் கணக்கில் ஒன்று குறைகிறதே என்று மேலே முகம் சுளிப்பார்கள். அந்தக் குறிப்பேட்டை அவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். பழி யார்மீது விழ வேண்டுமோ அங்கே விழுவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.