ரேடியேட்டரை முன்னால் வைத்தால் போதுமா?

பழைய மினி காரில் டர்போ மாட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் ரேடியேட்டரைக் கழற்றி, கிரில்லுக்கு நேர் பின்னால் மாட்டிவிட்டால் எஞ்சின் கொதிக்கிற தொல்லை ஒழிந்துவிடும் என்பதுதான் அது. எதிர்காற்று வந்து மோதுகிற இடம் அதுதானே என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டர்மேல் காற்று மோதுவதால் மட்டும் தண்ணீர் குளிர்ந்துவிடாது. அதன் இடுக்குகளுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறினால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அப்படிப் போவதற்கு ரேடியேட்டரின் பின்னால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே இடம் தேடுகிறவர் காற்று வரும் வழியைவிட அது போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மினியைப் பொறுத்தவரை சிக்கல் முழுவதும் அந்தப் போகும் வழியில்தான் இருக்கிறது.

1959-இல் வெளிவந்த மினியை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தபோது, சுமார் 3 மீட்டர் நீளக் காரில் நான்கு பேரை உட்கார வைக்க எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். ரேடியேட்டர் இடது பக்கம் போனது. பெல்ட்டில் ஓடும் விசிறி எஞ்சின் அறைக் காற்றை ரேடியேட்டர் வழியாகத் தள்ளி, உள் மட்கார்டில் உள்ள திறப்புகள் மூலம் சக்கரத்தின் பக்கம் வெளியேற்றியது. 848 சி.சி.யும் 34 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சினுக்கு இது தாராளம். குறையும் உண்டு. ரேடியேட்டருக்குக் கிடைப்பது எஞ்சினைச் சுற்றி வந்து ஏற்கெனவே சூடான காற்று. அதைத் தள்ளுவதும் பெரும்பாலும் விசிறியின் வேலை. ‘கம்பெனியே கடைசியில் ரேடியேட்டரை முன்னால் கொண்டுவந்துவிட்டதே’ என்று கேட்பார்கள். 1996-இன் இறுதியில் வந்த மினிகளில் அது முன்னால் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் விசிறிச் சத்தம். அவை டர்போ கார்களும் அல்ல. அதை வைத்து டர்போ எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

டர்போ மினிகளுக்குப் பெரும்பாலும் தாய் எஞ்சினாக இருப்பது 1980களின் எம்ஜி மெட்ரோ டர்போவிலிருந்து வரும் 1275 சி.சி. எஞ்சின். அதன் 93 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 69 கிலோவாட். முழு ஆக்சிலரேட்டரில் ஒரு பெட்ரோல் எஞ்சின் சக்கரத்துக்குத் தரும் சக்திக்கு ஏறக்குறைய இணையான வெப்பத்தைத் தண்ணீருக்கும் தரும். 60 கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 40 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், நொடிக்கு ஒன்றே கால் கன மீட்டர் காற்று ஓட வேண்டும். இதைத் தள்ள நம்மிடம் என்ன இருக்கிறது? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல், அதாவது 47 மி.மீ. உயரத் தண்ணீரின் எடை. அவ்வளவுதான். எஞ்சின் அறைக்குள் காற்று தேங்கி அங்கே அதில் பாதி அழுத்தம் ஏறினாலே, ரேடியேட்டர் வழியாக ஓடும் காற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மினியில் கிரில்லுக்குப் பின்னால் ஒரு கை நுழையும் இடைவெளியில் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்கும் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் எக்ஸாஸ்டும் டர்போவும் என்று இரும்புச் சுவர்போல அடைத்து நிற்கின்றன. மிஞ்சுவது கீழே கியர்பாக்ஸை ஒட்டிய சந்து மட்டும்.

‘ரோட்டில் யார் எந்நேரமும் முழு ஆக்சிலரேட்டரில் போகிறார்கள்?’ என்ற எதிர்க்கேள்வி சரியானது. சீரான வேகத்தில் போகும் மினிக்கு 15 கிலோவாட்டே அதிகம். அப்போது எந்த ரேடியேட்டரும் எந்த இடத்திலும் சமாளிக்கும். நீண்ட மேடும் பந்தயத் தடமும்தான் சோதனை. டிராபிக்கில் நிற்கும்போது வருவது வேறு பிரச்சினை. அங்கே வேலை செய்வது மின்விசிறி. சாதாரண 12 வோல்ட் விசிறி தரும் அழுத்தம், கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்காற்று தருகிற 116 பாஸ்கலுக்கு ஏறக்குறைய பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே பெரிய விசிறி நெடுஞ்சாலைச் சூட்டைத் தீர்க்காது. டிராபிக்கிலும், ரேடியேட்டரின் ஓரங்களுக்கும் முன் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு திரும்ப முன்னால் வந்துவிடும். சில ரூபாய் ஃபோம் பட்டை ஒட்டி அதை அடைப்பது, இன்னொரு விசிறி வாங்குவதைவிடப் பலன் தரும்.

டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதன் சூடு ரேடியேட்டரைக் கெடுத்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. பாதி சரி. டர்போ 0.5 பார் பூஸ்ட் கொடுக்கும்போது உள்ளே போகும் காற்று ஐம்பது அறுபது டிகிரி சூடேறும். ஆனால் அந்தக் காற்றின் அளவு குறைவு என்பதால், அதிலிருந்து வெளியேறும் வெப்பம் இந்த எஞ்சினில் சுமார் 4 கிலோவாட்தான். 60-க்கு முன்னால் 4. ரேடியேட்டருக்கு வரும் காற்று சில டிகிரி மட்டுமே கூடும். உண்மையான இழப்பு இன்டர்கூலரின் அடர்த்தியான இடுக்குகள் காற்றோட்டத்தைத் தடுப்பதில் இருக்கிறது. அந்த 460 பாஸ்கலில் ஒரு பங்கை அது தின்றுவிடும். கூடுதல் தடிமன் ரேடியேட்டர் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். வெளியேறும் வழி நெருக்கடியாக இருக்கும்போது தடிமனைக் கூட்டினால் எதிர்ப்புத்தான் கூடும்.

ரேடியேட்டர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்ற விதி பந்தய உலகிலேயே நிற்கவில்லை. 1970-இல் வந்த லோட்டஸ் 72, மூக்கில் இருந்த ரேடியேட்டரை எடுத்து ஓட்டுநரின் இரு பக்கத்திலும் வைத்தது. அதே ஆண்டு ஃபார்முலா ஒன் பட்டமும் வென்றது. இதற்கு முந்தைய சான்று விமானத்தில் கிடைக்கிறது. 1930களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த எஃப். டபிள்யூ. மெரிடித், ரேடியேட்டர் குழாயின் வாய் சிறிதாகவும் உள்ளே விரிந்தும் பின்னால் மீண்டும் குறுகியும் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்தக் கருத்தைப் பின்பற்றிய மஸ்டாங் போர் விமானத்தில் ரேடியேட்டர் வயிற்றுக்கு அடியில் இருந்தது. சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் கதவு அதன் வாயில் இல்லை, வெளியேறும் முனையில் இருந்தது. முன் திறப்பைப் பெரிதாக வெட்டிக்கொண்டே போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. காற்று தப்பாமல் ரேடியேட்டருக்கே போகும்படி மடக்குத் தகடு வைத்தால், ரேடியேட்டரைவிடச் சிறிய திறப்பே போதும்.

காற்று வெளியேற வழி ஏற்படுத்துகிறேன் என்று போனெட்டின் பின் விளிம்பைத் தூக்கி வைக்கிறவர்களும் உண்டு. நின்றிருக்கும்போது சூடு வெளியேறும், சரிதான். ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று தேங்கி அழுத்தம் ஏறும் என்பதால், பல கார்களில் கேபினுக்கான காற்றை அங்கிருந்துதான் உள்ளே எடுக்கிறார்கள். தூக்கி வைத்த இடுக்கு அப்போது வெளியேறும் வழியாக இருக்காது, உள்ளே வரும் வழியாகிவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவதும் இதே ரகம். இந்த எஞ்சின் ஹெட்டின் நடுவில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே எக்ஸாஸ்ட் வாய்தான். சூடு குவிவது அங்கே. தெர்மோஸ்டாட்டின் தடை போய்விட்டால் பிளாக்கில் தண்ணீர் அழுத்தம் குறைந்து, அந்த இடத்தில் ஆவிக்குமிழ் உருவாக வழி பிறக்கும். அதனால்தான் பந்தயக்காரர்கள் தெர்மோஸ்டாட்டை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு வளையத்தை வைக்கிறார்கள்.

முன் ரேடியேட்டர் கூடாது என்று சொல்ல வரவில்லை. 100 குதிரைத்திறனைத் தாண்டும் மினிக்கு நானும் முன்னால்தான் வைக்கச் சொல்வேன், வெளியேறும் வழியையும் சேர்த்து அமைத்தால். பக்கவாட்டு ரேடியேட்டரை எடுத்ததும் பலர் உள் மட்கார்டின் பழைய திறப்புகளைத் தகடு வைத்து மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். அறைக்குள் அழுத்தம் ஏறும்போது தயாராக இருக்கும் வாசல் அவை. போதுமா என்று அறிய ஒரு மலிவான வழி உண்டு. மெல்லிய ஒளிபுகும் டியூபை ‘ப’வைப்போல் வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கேபினுக்குள் நிற்க வையுங்கள். ஒரு முனையை இன்னொரு டியூப் மூலம் ரேடியேட்டருக்கு முன்னாலும், மறுமுனையைப் பின்னாலும் கட்டுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் அது பத்து மி.மீ.கூட வரவில்லை என்றால் ரேடியேட்டர் கடைக்குப் போவதற்கு முன் மட்கார்டிலும் அடித்தகட்டிலும் திறப்பு வெட்டுங்கள்.