தெருவொளியும் ஓவியமும்

ஓவியத்தைப் பற்றி அறிவியல் மாணவன் எழுதுவதா என நண்பர் சிலர் வினவக்கூடும். ஒளியைப் பற்றிப் பேச அவனுக்கும் சிறிது உரிமை உண்டு என்பதே என் விடை. தெருவில் நின்று ஓவியம் தீட்டுவோர் கட்டடத்தைத் தீட்டுவதில்லை. அந்த வேளையில் அதன்மேல் விழுந்த ஒளியையே தீட்டுகின்றனர்.

இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், வண்ணத்தைப் பிதுக்கி எடுக்கும் வெள்ளீயக் குழாயை அமைத்தார். அதன் பின்னர் எண்ணெய் வண்ணங்களை வெளியே எடுத்துச் செல்லுதல் எளிதாயிற்று. மோனேயும் பிசாரோவும் திறந்தவெளிக்கு வந்தனர். கண்நோயால் வெளியே நிற்க இயலாத பிசாரோ, 1897-இல் பாரிசில் ஒரு விடுதிச் சன்னலருகே அமர்ந்து, மோன்மார்த்ர் பெருந்தெருவை 14 படங்களாகத் தீட்டினார். தெரு ஒன்றே, ஒளிதான் வேறு. நம் பக்கத்தில், சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் தம் தொடக்க காலத்தில் கேரளக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார்.

ஆனால் பாரிசின் பாடத்தை நெய்யாற்றின்கரைக் கடைவீதிக்கு அப்படியே கொண்டுவர முடியுமா? முடியாது. மார்ச்சு 21-ஆம் நாள் பாரிசில் நண்பகல் ஞாயிறு ஏறத்தாழ 41 பாகைதான் உயரும். அன்று முழுவதும் மனிதனின் நிழல் அவனைவிட நீண்டிருக்கும். நெய்யாற்றின்கரையோ வட அகலக்கோடு 8.4 பாகையில் உள்ளது. அதே நாளில் இங்கே ஞாயிறு 82 பாகை வரை ஏறிவிடும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், செப்டம்பர் முதல் நாளை ஒட்டியும் அது நேரே உச்சிக்கு வரும். விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். தெருவுக்கு ஆழம் தருவது நீண்ட நிழல் அன்றோ? ஆகவே நமக்குக் காலை ஒன்பதரைக்கு முன்னும், மாலை மூன்றரைக்குப் பின்னுமே நல்ல வேளை.

அந்த வேளையும் நில்லாது. மார்ச்சுத் திங்களில் காலை ஏழரைக்குக் கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் 3.7 மடங்கு, எட்டரைக்கு 1.7 மடங்கு. ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது! எனவே முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை வரைந்துவிடுக. பிறகு எவ்வளவு நகர்ந்தாலும் அதனை மாற்றற்க. ஏழரை மணி நிழலும் எட்டரை மணி நிழலும் ஒரே தாளில் இருந்தால், தெருவில் இரண்டு ஞாயிறுகள் உள்ளன என்று பொருள்.

நிழல் கருமையன்று. ஞாயிற்றின் ஒளி மறைந்த இடத்திலும் வானத்தின் ஒளி விழுகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகச் சிதறச் செய்கின்றன; 1871-இல் ராலே காட்டிய உண்மை இது. அதனால்தான் வெள்ளைச் சுவரின் நிழல் நீலம் பாய்கிறது. பாறசாலைச் சாலையோரத்தில் நீலத் தார்ப்பாயின் கீழ் வாழைக்குலைகள் தொங்குகின்றன. அங்கே பழம் மஞ்சளாக இராது; பச்சைச் சாயல் ஏறியிருக்கும். மஞ்சள் என்று நினைவு சொல்லும்; கண் சொல்வதையே கேளுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைவோர் பலர் நிழலைக் கரியாக்குவது இதனாலேயே: படக்கருவி இருண்ட பகுதியின் நிறங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. (தாளுக்கு மேல் குடை பிடிப்பதாயின் வண்ணக்குடை ஆகாது, அதன் நிறம் தாளில் இறங்கும்.)

மழைக்காலத்தில் மற்றொரு சிக்கல். ஈரக்காற்றில் தாள் எளிதில் உலராது. ஒரு வண்ணம் மற்றொன்றில் ஊறும். தொலைவிலுள்ள தெருக்கோடியை முதலில் தீட்டினால் அந்த ஊறலே மூட்டமாகிவிடும். சிறு நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் ஒப்பச் சிதறச் செய்வதால் அங்கே நீலத்தைவிட வெண்மையே மிகுதி.

என் பாறசாலைப் படத்தைக் கண்ட நண்பர் ஒருவர், "கடைப் பலகைகளில் தமிழ் எங்கே?" என்று கேட்டார். குரலில் சினம் இருந்தது, காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழர் கோரிக்கையில் இருந்தது; அது கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் வாழும் தமிழனுக்குப் பலகை வெறும் பலகையன்று.

நான் சொன்ன விடை கண்ணின் அளவு பற்றியது. ஓரடி உயர எழுத்தை 200 மீட்டருக்கு அப்பால் நல்ல கண்ணாலும் படிக்க இயலாது. அங்கே தமிழும் மலையாளமும் வண்ணத் திட்டுகளே. தெரியாததை எழுதினால் அது ஓவியமாகாது, விளம்பரமாகும். எனினும் பத்தடியில் உள்ள தமிழ்ப் பலகையைத் திட்டாக்கி விடுவதும் பொய்யே. அதனை எழுத்துப் பிழையின்றி எழுதத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று இருவருமாகக் களியக்காவிளைக்குப் போனோம். நிழலில் குவிந்திருந்த மல்லிகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, நண்பர் வெள்ளையை விடுத்து நீலத்தில் தூரிகையைத் தோய்த்தார். பலகையைப் பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.