கழிவுநீரில் வளரும் ரோகு

கொல்கத்தா நகரின் கழிவுநீர் கால்வாய் வழியாகக் கிழக்கே உள்ள சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து நகரத்துக்கு மீனும் காய்கறியும் திரும்பி வருகின்றன. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம் 2002-இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

‘பேரி’ எனப்படும் இங்குள்ள மீன்குளங்களுக்கு ஆழம் குறைவு. மீனவர்கள் கழிவுநீரைத் திறந்துவிட்டதும் குஞ்சு விடுவதில்லை. தண்ணீர் பச்சை நிறமாகும்வரை காத்திருக்கிறார்கள். வெயிலில் பாசி பெருகி ஆக்சிஜன் தருகிறது, பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கிறது, நோய்க்கிருமிகள் குறைகின்றன. பாசியும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் ரோகு, கட்லா மீன்களுக்கு இரையாகின்றன. கரையோர ஆகாயத்தாமரை அலையிலிருந்து கரையைக் காப்பதோடு உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சுகிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் போகிறது. படிப்பறிவு அதிகமில்லாத மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த இந்த வேலையை, மாநில அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் 1980-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்.

ஆனால் தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் குரோமியத்தை வெயிலாலும் பாசியாலும் அழிக்க முடியாது. கொல்கத்தாவின் அத்தகைய ஆலைகளை நகரத்துக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996-இல் உத்தரவிட்டது. அவற்றில் பல பந்தாலா என்ற இடத்துக்கு நகர்ந்தன. மனிதக் கழிவைவிட ஆலைக் கழிவுதான் இந்தச் சுழற்சிக்குப் பெரிய ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொட்டைமாடியில் மக்கு உரம் தயாரிக்கும் எனக்கு இதில் உடனே பயன்பட்ட பாடம், எது உள்ளே போகிறது என்பதை வாசலிலேயே தீர்மானிப்பது. பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட் பூசிய மரத்தின் தூள் எதையும் உரத்தொட்டிக்கு அருகில்கூட வைப்பதில்லை. கலந்த பிறகு பிரிக்கவே முடியாது.

அடுத்தது பொறுமை. காய்கறித் தோலோடு காய்ந்த இலையைத் தாராளமாகக் கலந்து, ஈரம் பார்த்து, அடிக்கடி கிளறினால்தான் குவியல் சூடேறும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள்கள் நின்றால் பெரும்பாலான கிருமிகள் சாகும். சிறு தொட்டியில் அந்தச் சூடு வராது. ஆகவே மாதக்கணக்கில் மக்கவிடுவதே வழி. பச்சைச் சாணத்தைக் கீரைப்பாத்தியில் போடவே கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மக்காத எரு போட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரி, கேரட்டுக்கு இந்தக் கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.